பால் திருடாத பக்கி

அறிவியல் பெயர்களில் எனக்குப் பொறுக்கவே முடியாத பெயர் ஒன்று உண்டு. காப்ரிமுல்கஸ். லத்தீனில் காப்ரா என்றால் வெள்ளாடு, முல்கேரே என்றால் பால் கறப்பது. இரண்டையும் சேர்த்தால் ஆட்டுப்பால் கறக்கிறவன் என்று வரும். இந்தப் பெயரைத் தூக்கிச் சுமக்கிற பேரினத்தில்தான் நம் ஊர்ப் பக்கி என்ற இரவுப் பறவையும் இருக்கிறது. முழுப்பெயர் காப்ரிமுல்கஸ் ஆசியாட்டிகஸ். ஆங்கிலத்தில் இன்றைக்கு இந்தியன் நைட்ஜார் என்கிறார்கள். இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் கோட்சக்கர், அதாவது ஆட்டு மடியில் வாய் வைத்துக் குடிப்பது, என்று பெயர்.

நான் கால்நடை மருத்துவர். மூலனூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். மடிநோய் வந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு கலங்கி நிற்கிற மனிதர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த நோய்க்கான பழியை ஒரு பறவையின் தலையில் போட்டு, அதையே உலகம் முழுக்க அதன் பெயராகவும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த ஊரில் ஆடுமாடு பிழைப்பதற்காக எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த நிலம் அது. பக்கிக்கு அதுதான் வீடு. இருட்டு விழுந்ததும் ஏதாவது ஒரு கல்லின் மேலோ வண்டித் தடத்திலோ உட்கார்ந்து குரல் கொடுக்க ஆரம்பிக்கும். 'சுக்... சுக்... சுக்-சுக்-சுக்-டர்ர்ர்' என்று போகும். சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் முதலில் நிதானமாகத் துள்ளி, போகப் போக நெருங்கி, கடைசியில் உருண்டு அடங்குமே, அந்தத் தாளம்தான். ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

குட்டி போட முடியாமல் தவிக்கிற ஆட்டுக்கு இரவில் அழைப்பு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். மண்தடத்தில் திரும்பும்போது விளக்கு வெளிச்சத்தில் தூரத்தில் செக்கச்செவேல் என்று ஒரு புள்ளி தெரியும். கிட்டே போனதும் அந்தப் புள்ளி சத்தமே இல்லாமல் எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தள்ளி மறுபடி தடத்திலேயே இறங்கும். பட்டிக்குள் டார்ச் அடித்தால் ஆட்டின் கண்ணும் மின்னும், ஆனால் அது பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம். இரண்டுக்கும் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. ஆட்டுக்கு அது விழித்திரைக்குப் பின்னால் இருக்கும், பக்கிக்கு விழித்திரையின் நிறமிச் செல்களுக்குள்ளேயே இருக்கும். இருட்டில் பூச்சியைத் துரத்திப் பிடிக்கிற பிழைப்புக்கு ஏற்ற கண்.

இனி அந்தப் பழிக்கு வருகிறேன். இது கிரேக்க நாட்டுச் சரக்கு. கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள விலங்கு நூலிலேயே இருக்கிறது. மலையில் வாழும் ஒரு பறவை, பகலில் பார்வை மங்கல், இரவில் நன்றாகத் தெரியும், வெள்ளாட்டிடம் பறந்து வந்து பால் குடிக்கும், அது குடித்த பிறகு காம்பு வற்றிவிடும், ஆட்டுக்குக் கண் போய்விடும் என்று சொல்கிறது அந்த நூல். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோமானியர் பிளினி அதே கதையை இன்னும் கடுமையாக எழுதினார். இரவுத் திருடர்கள், தொழுவத்துக்குள் நுழைந்து மடியைக் கெடுப்பவர்கள் என்றார். அதற்கும் பல நூற்றாண்டு கழித்து 1758இல் கார்ல் லின்னேயஸ் விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் வேலையைச் செய்தபோது, ஐரோப்பாவின் பக்கிக்குப் பழைய பழிப்பெயரையே பேரினப் பெயராக்கினார். காப்ரிமுல்கஸ் யூரோப்பேயஸ். நம் பறவைக்கு 1790இல் பெயர் வைத்தவர் ஜான் லேத்தம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டார்ட்ஃபோர்டு என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர், இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் மேசைக்கு வந்து சேர்ந்த பாடம் செய்த பறவைகளையும் படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஆசியாட்டிகஸ், இன்னொன்றுக்கு இண்டிகஸ் என்று எழுதினார். அந்த இன்னொன்றுதான் காட்டுப் பக்கி. கிரீஸில் ஆட்டுக்காரர் யாரோ போட்ட பழி, டார்ட்ஃபோர்டு வழியாக எங்கள் கொறங்காட்டுக்கு வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

தார்ச்சாலையில் வண்டி அடித்துச் செத்துக் கிடந்த ஒரு பக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. பறக்கும்போது பெரிதாகத் தெரியுமே தவிர உள்ளங்கையில் கனமே இல்லை. மொத்த நீளம் ஒரு சாண்தான், 24 சென்டிமீட்டர் அளவு. மண் நிறமும் சாம்பலும் கலந்த முதுகு, அதில் கறுப்புக் கீற்றுகள், பிடரியில் வெளிறிய மஞ்சள் பட்டை, தொண்டையின் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு, வாலின் ஓர இறகுகளில் வெள்ளை நுனி. வெளியே தெரியும் அலகு அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. ஆனால் வாயைத் திறந்து பார்த்தபோது கண்ணுக்குக் கீழே வரை கிழிந்துகொண்டு போனது. கீழ்த்தாடை கீழே இறங்குவதோடு பக்கவாட்டிலும் விரிகிறது. வாயோரத்தில் கறுத்த விறைப்பான மயிர்கள். கால்களோ நடப்பதற்குக்கூடப் போதாத குட்டைக் கால்கள். நடுவிரல் நகத்தின் உள்ஓரத்தில் சீப்புப் பற்கள் வெட்டியிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன், அத்தனை ஒழுங்கு. இறகு கோதுவதற்கும் வாயோர மயிரைச் சுத்தம் செய்வதற்கும் அது உதவும் என்கிறார்கள்.

அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு காம்பைச் சப்ப முடியுமா? ஒரு குட்டி பால் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். உதடு காம்பைச் சுற்றிக் கவ்வ வேண்டும், நாக்கு கீழிருந்து சுருட்டிப் பிடிக்க வேண்டும், கன்னம் உள்வாங்க வேண்டும். பக்கிக்கு உதடும் இல்லை, கன்னமும் இல்லை, இருக்கிற நாக்கும் மிகச் சிறியது. விரிந்த வாய் வலை மாதிரி பறக்கும் பூச்சியை வாரிக்கொள்வதற்கானது. வண்டு, அந்துப்பூச்சி, ஈசல், வெட்டுக்கிளி இவைதான் அதன் சாப்பாடு. பட்டிக்கு அது வருவது உண்மை. ஆடு இருக்கிற இடத்தில் புழுக்கை இருக்கும், புழுக்கை இருந்தால் வண்டு வரும். ஆடு நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும். அந்தி மங்கலில் ஆட்டின் காலடியில் தாழப் பறந்து வாயைப் பிளக்கிற பறவையைப் பார்த்தவன், மறுநாள் காலையில் மடி வற்றியிருந்தால் என்ன நினைப்பான் என்று எனக்குப் புரிகிறது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

மடி வற்றுகிறது, கண் போகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்குள் இருந்த மருத்துவர் விழித்துக்கொண்டார். மத்தியத் தரைக்கடல் நாடுகளில் ஆடுகளை இன்றும் வாட்டுகிற ஒரு நோய் இருக்கிறது. பால்வற்றும் தொற்றுநோய் எனலாம். மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது. பால் மாடு மாதிரி கறந்த ஆடு ஓரிரு நாளில் தண்ணீராகச் சுரக்கும், கட்டி கட்டியாக வரும், பிறகு மடி சுருங்கி நின்றுபோகும். மூட்டு வீங்கி நொண்டும். கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழி வெள்ளையாக மூடிக்கொள்ளும். மடி, மூட்டு, கண் என்று மூன்று இடத்திலும் அடிக்கிற நோய் என்றுதான் எங்களுக்குப் பாடம். 1816இல் இத்தாலியில் இதை விவரித்து எழுதியிருக்கிறார்கள். கிரேக்க ஆட்டுக்காரர்கள் சொன்ன 'மடி வற்றும், கண் போகும்' என்பது இந்த நோயின் அடையாளமேதான் என்பது என் எண்ணம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு செத்த ஆட்டுக்கு யாரும் பரிசோதனை செய்ய முடியாது. ஆனால் அந்த ஆட்டுக்காரர்கள் கண்ணால் கண்ட நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், காரணத்தைத்தான் பக்கத்தில் பறந்ததன் மேல் போட்டுவிட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

இங்கிலாந்திலும் இதே பழி வேறு உருவத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் என்ற ஊரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட் எழுதியிருக்கிறார். அங்கே குடியானவர்கள் கன்றுக்குட்டிகளுக்கு வரும் ஒரு நோயையும் பக்கரிட்ஜ் என்பார்களாம், பக்கியையும் பக்கரிட்ஜ் என்பார்களாம். பறவை கொத்துவதால் நோய் வருகிறது என்று நம்பினார்கள். ஒயிட் பாதிரியார், கன்றின் முதுகுத்தோலுக்குள் ஈயின் புழுக்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, பறவைக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எழுதி வைத்தார். கால்நடைப் படிப்பு படிக்காத ஒருவர் தோலைத் தடவிப் பார்த்து ஒரு பறவையை விடுதலை செய்திருக்கிறார். எனக்கு மிகவும் மதிப்புக்குரிய மனிதர்.

எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் யாரும் பக்கி பால் குடிக்கும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் அப்பத்தாவிடமும் கேட்டதில்லை, வேலைக்கு வந்த பிறகும் கேட்டதில்லை. நேர்மாறாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கோடை தொடங்கும் சமயம் ஒரு கொறங்காட்டுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் தூரத்திலேயே கையை நீட்டி மறித்தார்.

"டாக்டரம்மா, வண்டிய அங்கயே நிறுத்துங். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் பக்கி அடை உக்காந்திருக்குது."

"எங்கங்க அப்பாரு? கண்ணுக்கே தெரியலியே."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது எப்புடிப் பொழைக்கும்?"

அவர் காட்டிய இடத்தையே உற்றுப் பார்த்தும் சருகும் சரளையும்தான் தெரிந்தன. கடைசியில் சரளையின் நடுவே ஒரு கண் பாதி மூடியபடி இருந்தது. நாங்கள் இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் பறவை எழுந்து, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் அடித்துக்கொண்டு எங்களை வேறு பக்கம் இழுத்துப் போகப் பார்த்தது. அது இருந்த இடத்தில் கூடு என்று எதுவும் இல்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டை, லேசான செம்மை ஓடிய வெளிர் நிறத்தில் பழுப்புத் திட்டுகளோடு கிடந்தன. பெரியவர் செம்மறிகளைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். குஞ்சு பொரித்துப் போகிற வரைக்கும் அந்த மூலைக்கு ஆட்டை விடமாட்டாராம். ஆட்டுக்கு எதிரி என்று பெயர் வாங்கிய பறவைக்கு ஆட்டுக்காரர் காவல்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பதில் எனக்குத் தனி ஆசை. மலையாளத்தில் ராச்சுக்கு. மராத்தியில் ராத்வா. சிங்களத்தில் பிம் பஸ்ஸா, நிலத்து ஆந்தை. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் பக்கியை ஐஸ் பேர்ட் என்றும் சொன்னார்கள். உறைந்த குளத்தின் மேல் கல்லை விட்டெறிந்தால் வருகிற சத்தத்தை அதன் குரலில் கேட்டார்களாம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடிகள் தங்கள் ஊர்ப் பக்கியினப் பறவைக்கு வைத்த பெயர். ஹோல்ச்கோ, தூங்குகிறவன் என்று பொருள். 1946இல் எட்மண்ட் ஜேகர் என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவின் சக்வாலா மலையில் பாறைக் குழிக்குள் அந்தப் பறவை ஒன்று குளிர்காலத் தூக்கத்தில் இருந்ததைக் கண்டார். உடல் வெப்பம் 18, 19 டிகிரிக்கு இறங்கியிருந்தது. கையில் தூக்கினாலும் எழவில்லை. பறவை ஒன்று குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்பதை விஞ்ஞானம் அப்போதுதான் ஏற்றுக்கொண்டது. அந்த மக்கள் அதைப் பெயரிலேயே சொல்லியிருந்தார்கள்.

நம் பறவைக்கு உறவுக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். பகலில் பார்த்து இது எந்தப் பக்கி என்று சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம், குரலைத்தான் நம்ப வேண்டும். கோலிக்குண்டுத் தாளம் என்றால் ஆசியாட்டிகஸ். மலையடிக் காடுகளில் 'சக்கூ, சக்கூ' என்று ஒரே சீராகப் போனால் காட்டுப் பக்கி, இண்டிகஸ். மரங்கள் அடர்ந்த காட்டோரத்தில் 'ச்வோ-வோ, ச்வோ-வோ' என்றால் அது ஜெர்டன் பக்கி, காப்ரிமுல்கஸ் அட்ரிபென்னிஸ். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1845இல் அதை விவரித்தார், புத்தகம் அச்சானதும் மதராசிலேயே. நெடுநாள் அதைப் பெரிய வால் பக்கியோடு சேர்த்து வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். இலங்கையின் காட்டுப் பக்கிக்கு, அந்தத் தீவிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட்டின் பெயர் உள்ளினப் பெயராக இருக்கிறது. லேத்தம், ஜெர்டன், கெலார்ட் மூவருமே வைத்தியர்கள் என்பதைக் கவனித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் காப்ரிமுல்கஸ் என்ற பெயரை மாற்ற முடியாதா என்று கேட்டால், முடியாது. விலங்குகளுக்குப் பெயரிடுவதற்குப் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதலில் முறைப்படி வைத்த பெயருக்கே முன்னுரிமை. பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதைத் தள்ள அந்த விதி இடம் கொடுப்பதில்லை. நியூகினி பக்கத்துச் சொர்க்கப் பறவை ஒன்றுக்கு லின்னேயஸ் அபோடா, காலில்லாதது, என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவுக்கு வியாபாரத்துக்கு வந்த தோல்களில் காலை வெட்டி எடுத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். அதற்குக் கால் உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்தும் பெயர் அப்படியேதான் நிற்கிறது. பெயருக்குப் பெயர் மாறிக்கொண்டே போனால் எந்தப் பறவையைச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடும் என்பதால் இந்த விதியின் நியாயத்தை நான் ஏற்கிறேன். மருந்துச் சீட்டில் நானும் நிலையான பெயரைத்தானே நம்பியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பறவை காட்டுகிறவர்கள் 'ஆட்டுப்பால் கறக்கும் பறவை' என்று பொருள் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்தக் கூடாது. அது பொய், எப்படி வந்த பொய் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் கெடுதல் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. பக்கியால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்டுக்கு நாங்கள் கொடுக்கிற மருந்தால் பக்கியின் சாப்பாடு குறைகிறது. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின் போடுகிறோம். நல்ல மருந்துதான். ஆனால் அதில் பெரும்பகுதி சாணத்திலும் புழுக்கையிலும் அப்படியே வெளியே வருகிறது. அங்கே முட்டையிடுகிற சாண வண்டுகளின் புழுக்கள் வளர முடியாமல் செத்துப்போகின்றன. மழை விழுந்த மறுநாள் மண்ணைத் தோண்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் வண்டுகள்தான் பக்கிக்கு விருந்து. கொறங்காடுகளே மனையாகவும் சோலார் தகடாகவும் மாறிக்கொண்டிருக்கிற காலத்தில், மிஞ்சியிருக்கிற காட்டிலும் வண்டு இல்லாமல் போனால் அது எதைத் தின்னும்?

அதனால் என்னிடம் வருகிற பட்டிக்காரர்களிடம் இப்போதெல்லாம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறேன். எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடச் சொல்லாதீர்கள். முதலில் புழுக்கையைக் கொண்டு வாருங்கள், நுண்ணோக்கியில் புழு முட்டை எவ்வளவு என்று பார்க்கிறேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிற ஆட்டுக்கு மட்டும் மருந்து போதும். மருந்து போட்ட ஆட்டைச் சில நாள் பட்டியிலேயே கட்டித் தீனி போடுங்கள், அந்தப் புழுக்கையைக் குழியில் போட்டு மூடுங்கள், காட்டில் விழ விடாதீர்கள். மருந்துச் செலவு குறைகிறது, புழுவும் சீக்கிரத்தில் மருந்துக்குப் பழகிப்போவதில்லை என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். முட்டைக்குக் காவல் இருந்த பெரியவர் மட்டும் காரணம் கேட்டார். பக்கிக்கு வண்டு வேண்டும் என்றேன். அடுத்த வாரமே பட்டியின் வடக்கு மூலையில் குழி வெட்டி, மூடுவதற்குப் பலகையும் போட்டுவிட்டு வந்து கூப்பிட்டார்.